தானமாகக் கிடைத்த தெருக்கள்

சங்கரன்கோவிலை விட்டு எந்தப் பக்கம் வெளியேறினாலும், அது திருநெல்வேலி ரோடோ ராஜபாளையம் ரோடோ கழுகுமலை ரோடோ, கடைசிப் பெட்டிக்கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சிமெண்டு வளைவு வரும். அதன் நெற்றியில் ஒரு சாமி பெயரோ முதலாளியின் அம்மா பெயரோ, கூடவே ‘நகர்’ அல்லது ‘கார்டன்’. உள்ளே சரள் பரப்பிய நேர்த்தெருக்கள். இரு பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் அடித்த கற்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். ‘பூங்கா’ என்று பலகை வைத்த இடத்தில் சீமைக்கருவேலம் ஆளுயரம் நிற்கும். வீடு என்று பார்த்தால் இரண்டோ மூன்றோ இருக்கும். மின்கம்பமும் அந்த வீடுகள் வரைதான் போயிருக்கும். அதற்கு அப்பால் ஆடு மேய்கிறது. ஆனால் விசாரித்துப் பார்த்தால் மனை ஒன்றுகூடக் காலி இல்லை, எல்லாம் விற்றுப்போய் வருஷக்கணக்காகிறது என்பார்கள். நகரங்களைச் சுற்றிப் புறநகர் வளர்வதைப் பற்றி நாம் படித்ததெல்லாம் ஆட்கள் பெருகி, வீடுகள் நெருக்கி, ஊர் விளிம்பு உடைந்து வழிவதைப் பற்றித்தான். இங்கே வழிந்திருப்பது ஆட்கள் இல்லை, நிலம் மட்டும் ஊராகிவிட்டது. இது ஏன் நடக்கிறது, இதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

புறநகர் என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டும் அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. நியூயார்க்குக்குப் பக்கத்து லாங் ஐலண்டில் 1947-இல் தொடங்கி நான்கைந்து ஆண்டுகளில் லெவிட்டவுன் என்று 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் கிடைத்தது, 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது, கார் இருந்தது, வேலை நகரத்தில் இருந்தது. கட்டி முடித்த வீட்டைத்தான் விற்றார்கள். வாங்கியவர் அடுத்த மாதமே குடியேறினார். சென்னையிலும் ஏறத்தாழ இதே வரிசைதான். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் வந்தது. ரயிலும் வேலையும் முன்னால் போக, வீடுகள் பின்னால் போயின. சங்கரன்கோவிலில் புதிதாகப் பெரிய ஆலை எதுவும் வந்துவிடவில்லை. ஊரின் பிழைப்பு கோவில், விசைத்தறி, பூச்சந்தை, சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கான கடைவீதி இவற்றைச் சுற்றித்தான் இன்றும். கோவிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் தெருவை அடைக்கும், அடுத்த வாரம் ஊர் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 60 ஆயிரத்தை ஒட்டித்தான் இருந்தது. இப்படிப்பட்ட ஊரைச் சுற்றி இத்தனை கற்கள் முளைக்க வேறு காரணம் இருந்தாக வேண்டும்.

முதல் காரணம் குடும்பம் சிறுத்தது. தமிழ்நாட்டில் 2001-இல் மக்கள் 6.24 கோடி, குடும்பங்கள் ஏறத்தாழ 1.42 கோடி. 2011-இல் மக்கள் 7.21 கோடி, குடும்பங்கள் ஏறத்தாழ 1.85 கோடி. பத்தாண்டில் மக்கள் 15 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடியிருக்கிறார்கள். குடும்பங்கள் 30 சதவீதம் கூடியிருக்கின்றன. ஒரு வீட்டுக்கு நாலரைப் பேர் என்று இருந்தது நாலுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆக, ஒருவர்கூடப் புதிதாக வந்து சேராவிட்டாலும் ஒரு ஊருக்கு வீடுகள் கூடுதலாக வேண்டியிருக்கும். ரத வீதிகளை ஒட்டிய பழைய தெருக்களில் ஒரு வீட்டை மூன்று அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தால் ஆளுக்கு எட்டடி அகலம்கூட மிஞ்சாது. தறி போட்டிருக்கிற வீடென்றால் இன்னும் சங்கடம். தறிக்கும் சத்தத்துக்கும் இடம் ஒதுக்கியது போக மிச்சத்தில்தான் மனிதர்கள் படுக்க வேண்டும். இளையவன் ஊருக்கு வெளியே மூன்று சென்ட் தேடுவதில் எந்தத் தப்பும் இல்லை. கிராமத்திலிருந்து பிள்ளைகள் படிப்புக்காகப் பாதித் தூரம் நகர்ந்து வருகிறவர்களும் இப்படித்தான். பள்ளிக்கூட வேன் வந்து நிற்கிற இடம், கணவர் வெளியூரில் வேலை பார்த்தாலும் மனைவி பயமில்லாமல் இருக்கக்கூடிய இடம், அரசு மருத்துவமனைக்கு ஆட்டோ கிடைக்கிற இடம் அவர்களுக்கு வேண்டும். கையில் பைக் வந்த பிறகு ஐந்து கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை என்றாகிவிட்டது.

ஆனால் இந்தத் தேவைகள் எல்லாம் சேர்ந்தாலும் நட்ட கற்களில் ஒரு பகுதிக்குத்தான் கணக்குச் சொல்லும். மீதிக் கற்களுக்கு இரண்டாவது காரணம்தான் பதில். நிலம் இங்கே உண்டியல். சென்னையில் மளிகைக் கடை வைத்திருப்பவர், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவர், வளைகுடாவில் டிரைவராக இருப்பவர், ராணுவத்திலும் போலீஸிலும் சேர்ந்தவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் எல்லோரும் தெற்கத்திச் சீமையின் வானம் பார்த்த பூமியிலிருந்து வெளியே போய்ச் சம்பாதித்தவர்கள். சம்பாதித்ததை ஊர்ப் பக்கமே போட்டு வைக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வங்கி வட்டி விலைவாசிக்கு ஈடுகொடுப்பதில்லை, கூடுதல் வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்கள் வட்டியோடு முதலையும் கொண்டு போன கதை தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்திலும் கிடைக்கும். தங்கத்தைப் பூட்டி வைக்கப் பயம். மனை மட்டும் இரவில் யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது, மகள் கல்யாணத்துக்கு விற்கலாம், அதுவரை அதற்குச் சோறு போட வேண்டியதில்லை. மாதத் தவணையில் தரும் மனை வியாபாரி இந்த மனதைச் சரியாகப் படித்தவர். அவர் விற்பது குடியிருக்கும் இடமே இல்லை, பத்திரம்தான். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகி, சங்கரன்கோவில் வருவாய்க் கோட்டத் தலைமையிடமும் ஆனபோது அந்தப் பத்திரத்துக்கு இன்னும் ஒரு சுற்று மவுசு ஏறியது. இந்தப் பழக்கம் சங்கரன்கோவிலோடு நிற்பதும் இல்லை. 2011-இல் இந்தியா முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 2.47 கோடி என்று கணக்கெடுப்பே சொன்னது. வீடாகக் கட்டிய சேமிப்பே இவ்வளவு பூட்டிக் கிடக்கிறது என்றால், கட்டாமல் கல்லாகவே கிடப்பது எவ்வளவு இருக்கும்?

இதைச் சட்டம் கவனிக்காமல் இல்லை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை போட்டது. பத்திரப் பதிவு அலுவலக வாசல்கள் சில மாதம் வெறிச்சோடிப் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டு வந்தது, பழைய மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றுக்கொண்டது, அதற்கான கெடுவை எத்தனையோ தடவை நீட்டியது. புதிய மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். சாலை இத்தனை அடி இருக்க வேண்டும், பெரிய மனைப்பிரிவானால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுவெளிக்கு விட வேண்டும். முன்பு ஆளுக்கொரு கயிறு பிடித்து அளந்து விற்றதற்கு இது எவ்வளவோ மேல், இதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. மனை போடுகிறவர் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த நாளோடு அவர் பொறுப்பு முடிகிறது. தானம் வாங்கிக்கொண்ட ஊராட்சிக்கு அன்றிலிருந்து ஆரம்பம். விளக்குப் போட வேண்டும், பல்பு மாற்ற வேண்டும், வாறுகால் கட்ட வேண்டும், குழாய் இழுக்க வேண்டும், மழை கரைத்த சரளை மறுபடி பரப்ப வேண்டும். கோவிலுக்கு யானையைத் தானம் கொடுப்பதுபோலத்தான் இது. கொடுப்பவருக்குப் பெயர், வாங்கியவருக்குத் தீனிச் செலவு.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து ஏக்கர் புஞ்சை என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஆயிரம் சென்ட். சாலைக்கும் பொதுவெளிக்கும் மூன்றில் ஒரு பங்கு போனால், மூன்று சென்ட் வீதம் இருநூறு மனைக்கு மேல் தேறும். மனைக்கு முப்பதடி முகப்பு, தெருவின் இரு பக்கமும் மனை என்றால் சாலையின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரும். முப்பது மீட்டருக்கு ஒரு விளக்கு வைத்தாலும் முப்பத்து மூன்று கம்பம். பத்து வருஷத்தில் அங்கே முப்பது வீடுகள் எழும்பின என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், வீட்டுக்கு ஒரு தெருவிளக்கு! இருநூறு வீடுகள் சேர்ந்து தாங்க வேண்டிய தெருவை முப்பது வீடுகள் தாங்குகின்றன. அந்த முப்பதும் ஒரே தெருவில் வரிசையாக வருமா என்றால் அதுவும் இல்லை. ஒன்று கிழக்கு மூலையில், ஒன்று மேற்கு மூலையில், நடுவில் முள்காடு. வரி விஷயமும் இதோடு சேர்ந்து இடிக்கிறது. நகராட்சி எல்லைக்குள் ஒருவர் மனையைச் சும்மா போட்டு வைத்தால் காலிமனை வரி கட்ட வேண்டும். எல்லைக்கல்லைத் தாண்டி களப்பாகுளம் போன்ற பக்கத்து ஊராட்சிக்குள் அதே மனை இருந்தால், அங்கே வீட்டு வரி கட்டடத்துக்குத்தான், கல்லுக்கு இல்லை. ஊருக்கு வெளியே போட்டு வைப்பவருக்கு நாமே சலுகை கொடுத்து வெளியே அனுப்புகிறோம் என்றுதான் இதற்குப் பொருள். மனை கைமாறும்போது முத்திரைத் தீர்வையோடு சேர்த்து வசூலிக்கிற 2 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு உரியது என்பது உண்மைதான். அது விற்கும்போது ஒரு தடவை வருகிற பணம், விளக்கின் மின்கட்டணம் மாதாமாதம் வருகிறது. ஊராட்சிக்கு மேலிருந்து வருகிற நிதியோ பெரும்பாலும் 2011-இன் மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு எழும்பிய வீடுகள் அந்தக் கணக்கில் பிறக்கவே இல்லை.

பணக் கணக்கைவிடத் தண்ணீர்க் கணக்கு மோசமானது. சங்கரன்கோவில் மழை மறைவுப் பூமி. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அதே நாளில் இங்கே புழுதி பறக்கும். ஊருக்குப் பக்கத்து ஓடைகளில் பல வருஷம் தண்ணீரே பார்க்க முடியாது. ஒரு ஓடை தொடர்ந்து ஏழெட்டு வருஷம் காய்ந்து கிடந்தால் அதைப் பார்க்கிற எவருக்கும் அது ஓடையாகத் தெரியாது, முள் மண்டிய பள்ளமாகத்தான் தெரியும். மனை போடுகிறவர் அதைச் சமப்படுத்துகிறார், மனை வாங்குகிறவர் கல்லைப் பார்க்கிறார், கிராம வரைபடத்தைப் பார்ப்பதில்லை. தென்பாண்டி நாட்டுப் பாசனமே ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்குப் போவது என்கிற சங்கிலிதான். நடுவில் ஒரு கண்ணியை எடுத்தால் மேல் குளம் கரையை உடைக்கும், கீழ்க் குளம் காயும். பத்து வருஷத்துக்கு ஒரு மழை வரும்போதுதான் இது தெரியவரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, தென் மாவட்டங்கள் முழுக்கக் குளங்கள் உடைந்ததை மறந்திருக்க மாட்டோம். தாமிரபரணியில் வெள்ளம் வருமென்று எல்லோருக்கும் தெரியும், ஆகவே அங்கே கொஞ்சமாவது பயம் இருக்கிறது. வறண்ட ஊரில் அந்தப் பயமும் இல்லை. வறட்சிதான் இங்கே ஆக்கிரமிப்புக்கு உடந்தை.

குடிக்கும் தண்ணீரும் அப்படித்தான். நகரத்துக்கே தாமிரபரணியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வர வேண்டியிருக்கிறது. புது நகர்களுக்கு அந்தக் குழாய் எட்டும் வரை ஆழ்துளைக் கிணறுதான் கதி. பாதாளச் சாக்கடை கிடையாது, ஆளுக்கொரு செப்டிக் டேங்க். முப்பதுக்கு நாற்பது அடி மனையில் ஒரு மூலையில் போரும் எதிர் மூலையில் டேங்கும் போட்டால்கூட நடுவில் ஐம்பது அடிக்கு மேல் வராது. குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் ஐம்பது அடியாவது இடைவெளி வேண்டும் என்பது பொதுவான பாடம். உங்கள் டேங்க் தூரத்தில் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் டேங்க் உங்கள் போருக்குப் பத்தடியில் இருக்கும். முப்பது வீடுகள் இருக்கும்வரை மண் தாங்கும். இருநூறும் நிரம்புகிற அன்றைக்கு, அப்படி ஒரு நாள் வந்தால், எல்லோரும் எல்லோருடைய தண்ணீரையும் குடிப்பார்கள். ஊருக்குக் கிழக்கே போகப் போகக் கரிசல். அது மழையில் ஊறி உப்பும், வெயிலில் கையளவு வெடிப்பு விடும். மேற்கத்திச் செவல் மண்ணில் போடுகிற அஸ்திவாரத்தை அங்கே போட்டால் மூன்றாவது கோடையில் சுவர் சொல்லிவிடும். கரிசலில் மனை விலை மலிவு என்று வாங்கியவர்கள் மிச்சம் பிடித்ததை அஸ்திவாரத்தில் இறக்கிவிடுகிறார்கள். பல கற்கள் கல்லாகவே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலத்தின் பழைய வேலை என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். ஊரைச் சுற்றி இருந்ததெல்லாம் தரிசு, அதில் மனை போட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் பூச்சந்தையை மறந்துவிடுகிறார்கள். மல்லிகை மொட்டை விடியும் முன்பே பறித்தாக வேண்டும், வெயில் ஏறுவதற்குள் சந்தைக்கு வந்தாக வேண்டும், மலர்ந்துவிட்டால் விலை கிடையாது. ஆகவே பூந்தோட்டம் ஊருக்குப் பக்கத்தில், கிணற்றுத் தண்ணீரும் ரோடும் உள்ள இடத்தில்தான் இருக்க முடியும். மனை வியாபாரிக்கும் வேண்டியது அதே இடம்தான். தூரத்துத் தரிசைவிடப் பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் முதலில் விலை பேசுவார்கள். ஒரு ஏக்கர் மல்லிகை பருவம் முழுக்க நாள் தவறாமல் பெண்களுக்குக் கூலி கொடுக்கும். அதே ஏக்கர் மனையானால் கல் நடும் நான்கு நாள் வேலை, பிறகு யாராவது வீடு கட்டும்வரை ஒன்றும் கிடையாது. ஆடித்தபசுக்கும் தை மாதத்துக்கும் பூ விலை ஏறும்போது நாம் மழையைத்தான் குறை சொல்கிறோம்.

விவசாயிக்குத் தன் நிலத்தை விற்க உரிமை இல்லையா என்று யாராவது கேட்டால் நியாயமான கேள்விதான். கிணறு வற்றிவிட்டது, பையன் சென்னையில், பறிக்க ஆள் இல்லை, வயது எழுபது. அவர் நிலத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று ஊர்க்காரர்கள் எதிர்பார்க்க முடியாது. ஏற்கெனவே தேவர்குளம் பக்கமெல்லாம் காற்றாலைக்காகப் புஞ்சைகள் கைமாறியதைப் பார்த்த பூமி இது. ஆகவே விற்பவரைத் திட்டியும் பயனில்லை, வாங்குபவரைத் திட்டியும் பயனில்லை. ஆசிரியர் ஓய்வுப் பணத்தில் மூன்று சென்ட் வாங்குவதைப் பேராசை என்று சொல்ல மனம் வராது. என் வாதம் விலையைப் பற்றியது. மனையின் விலையில் நிலம் இருக்கிறது, வியாபாரியின் லாபம் இருக்கிறது, புரோக்கர் கமிஷன் இருக்கிறது, வளைவுக்குப் பூசிய பெயிண்ட்கூட இருக்கிறது. தெருவிளக்கும் வாறுகாலும் ஓடை போன நஷ்டமும் மட்டும் அதில் இல்லை. அவற்றை அந்த ஊராட்சியில் ஏற்கெனவே இருக்கிற ஜனங்கள் கட்டுகிறார்கள். தங்கள் தெருவுக்கு வர வேண்டிய குழாய் தள்ளிப்போவதன் மூலம் கட்டுகிறார்கள். அவர்களில் பலருக்கு அந்த வளைவுக்குள் ஒரு சென்ட் கூடக் கிடையாது.

புறநகரைப் பற்றிச் சொல்ல நல்லது ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. பழைய ஊர்களில் தெரு என்றாலே சாதி. இன்ன தெருவில் இன்னார் என்று எழுதப்படாத வரைபடம் ஒன்று எல்லோர் மனதிலும் இருக்கிறது. எண் போட்ட கல்லுக்கு அந்த ஞாபகம் இல்லை, பணம் கொடுத்தவருக்கு மனை. முன்னேறி வந்த ஒரு குடும்பம் தன் பழைய தெருவின் பெயரைச் சொல்லாமல் முகவரி எழுத முடிவது சின்ன விடுதலை இல்லை. அரசே 1997-இல் சமத்துவபுரம் திட்டம் கொண்டு வந்தது இந்த எண்ணத்தில்தான். ஆனால் கல் தானாக இதைச் செய்துவிடும் என்று நம்புவது அதிகம். லெவிட்டவுனின் ஒப்பந்தங்களில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருந்தார்கள். நம் ஊரில் எழுதுவதில்லை, புரோக்கர் வாயால் சொல்லிவிடுவார். எந்தப் பக்கம் யார் வாங்கியிருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் அட்வான்ஸ் போகிறது. பாதி மனைகள் ஆளில்லாமல் கிடக்கும்போது அக்கம்பக்கமும் உருவாவதில்லை. நெருக்கமாகக் குடியேறிய கலப்பான தெருதான் பழைய வரைபடத்தை அழிக்கும். முள்காட்டுக்கு நடுவே தனித்தனியாக நிற்கும் நான்கு வீடுகளால் அது ஆகாது.

சென்னை, மதுரைக்குத்தான் இந்தக் கவலையெல்லாம், சங்கரன்கோவில் எவ்வளவு பெரிய ஊர் என்று ஒரு பேச்சு வரும். எல்லையை விரித்து நகராட்சியோடு இணைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று இன்னொரு பேச்சும் வரும். பெரிய ஊர்கள் அந்த வழியில் போய்ப் பார்த்துவிட்டன. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது, மதுரை சுமார் 52-இலிருந்து 148 ஆனது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடைக்கு இன்றைக்கும் தெருவைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கெல்லாம் மழைத்தண்ணீர் நிற்பதும் நின்றபாடில்லை. இணைப்பு நடக்கும்போது தெரு ஏற்கெனவே விழுந்துவிட்டிருக்கும். ஓடை ஏற்கெனவே மனை எண் 47 ஆகியிருக்கும். இணைப்பால் வரி வாங்கலாம், வரைபடத்தை மாற்ற முடியாது. கிராமத்து மக்கள் இணைப்பை எதிர்ப்பதிலும் காரணம் இருக்கிறது. ஊராட்சி நகரமானால் கிராம வேலைத் திட்டம் கிடையாது, வரியும் ஏறும். வளைவுக்குள் முதலீடு போட்டவருக்காக, வெளியே நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா தன் கூலியை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? சின்ன ஊர் என்பதுதான் இங்கே இருக்கிற ஒரே வசதி. ஓடைகள் எங்கே ஓடின என்று தெரிந்த பெரியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், திருத்தும் செலவும் கைக்கு எட்டுகிற அளவில் இருக்கிறது.

குஜராத்தில் 1976 சட்டப்படி நடக்கும் நகரமைப்புத் திட்டங்களை இங்கே நினைத்துப் பார்க்கலாம். விளிம்பில் இருக்கிற நில உரிமையாளர்கள் எல்லோருடைய நிலத்தையும் வரைபடத்தில் ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பள்ளிக்கும் பூங்காவுக்கும் எடுத்துக்கொண்டு, மீதியைச் சதுரமாக்கி அவரவருக்கே திருப்பித் தருகிறார்கள். ஆளுக்குப் பரப்பு குறையும், மதிப்பு கூடும். அந்தக் கூடுதல் மதிப்பில் ஒரு பங்கைச் சாலைச் செலவுக்கு வசூலிக்கிறார்கள். அதில் தகராறும் தாமதமும் நிறைய உண்டு, வேதம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பத்து ஏக்கர் பத்து ஏக்கராகத் துண்டு துண்டாக ஒப்புதல் கொடுத்து, ஒரு நகரின் தெரு அடுத்த நகரின் மதில்சுவரில் போய் முட்டுவதைவிட அது மேல். சங்கரன்கோவில் அளவு ஊருக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு கைகூடாது என்றால், மூன்று காரியங்களாவது செய்யலாம். நகராட்சியை ஒட்டிய ஊராட்சிகளில் கட்டாமல் கிடக்கும் அங்கீகரித்த மனைக்குச் சிறிதளவாவது வரி போடலாம். வருஷத்துக்கு முந்நூறு ரூபாய் என்றாலும், இருநூறு மனைக்கு அறுபதாயிரம் ஆகிறது, விளக்குக்காவது ஆகும். தானப் பத்திரத்தோடு ஐந்து வருஷப் பராமரிப்புச் செலவையும் வைப்புத்தொகையாக மனை போடுகிறவரிடம் வாங்கலாம். முந்தைய நகரில் பாதியாவது வீடானால்தான் அதே பக்கத்தில் அடுத்ததற்கு ஒப்புதல் என்று வரிசை வைக்கலாம். கடைசி யோசனையை மனை வியாபாரிகள் கடுமையாக எதிர்ப்பார்கள், விலை ஏறிவிடும் என்பார்கள். ஏறும்தான். இப்போது மலிவாக இருப்பதற்குக் காரணம் பாதிச் செலவை வேறு யாரோ கொடுப்பது.

வாசகர்களில் யாராவது இந்தப் பக்கம் மனை பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். வில்லங்கச் சான்றும் பட்டாவும் எல்லோரும் பார்ப்பார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கிராம வரைபடத்தையும் அந்தச் சர்வே எண்ணின் புலப்படத்தையும் வாங்கிப் பாருங்கள். ஓடையோ வாய்க்காலோ அந்தப் பக்கம் போயிருந்தால் அதில் இருக்கும். புலப்படத்தை இப்போது அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பிறகு ஒரு மழை நாளுக்கு அடுத்த நாள் போய் இடத்தைப் பாருங்கள். 2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து நடக்கப்போகிறது. பதினாறு வருஷத்துக்குப் பிறகு சங்கரன்கோவிலைச் சுற்றி எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியவரும். குடியிருக்கும் வீடுகளை அதில் எண்ணுவார்கள், பூட்டிய வீடுகளையும் எண்ணுவார்கள். கல் மட்டும் நட்டுக் கிடக்கும் மனைகளை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. அதை அந்தந்த ஊராட்சிதான் எண்ண வேண்டும்.